வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே முகம்

ஊரெல்லாம் செய்திக்காகப் பேப்பர் படிக்கும். நாங்கள் அதில் யார் இல்லை என்று பார்க்கப் படிக்கிறோம். எந்தச் சனத்தை விட்டுவிட்டார்கள், யாரைப் பற்றி யாரிடமும் கேளாமல் எழுதினார்கள் என்று குறித்துவைத்து ஆசிரியர்களுக்குக் கடிதம் போடுவதுதான் எங்கள் தொழில். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மாடி அறை, இரண்டு கதிரை, நான், கிண்ணியா ரிஸானா. சொந்த ஊரின் பெயரைப் பேப்பரில் தேடித் தேடி, கடைசியில் விபத்துச் செய்தியில் கண்டுபிடித்த வாசகர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

கேட்கிற வழக்கம்

சேர்ந்த புதிதில் ஒரு செய்தி ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். மீன்பிடி பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். அதிகாரி பேசுகிறார், நிபுணர் பேசுகிறார், வலை போடுகிற சாம்பல்தீவுக்காரர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இது பாரபட்சம் இல்லையா என்றேன். மனுசன் கொஞ்சமும் தடுமாறவில்லை.

“பாரபட்சமே இல்லை மிஸ். தமிழரோ முஸ்லிமோ, திருகோணமலையில நாங்கள் ஒருத்தரையும் கேக்கிறேல்லை.”

வெங்காயச் செய்தி

எழுத்தில்தான் இப்படியென்றால் படத்திலும் அதே கதை. ஒருநாள் வெங்காய விலை பற்றிய செய்தியை ரிஸானா என் மேசையில் போட்டாள். கிண்ணியாச் சந்தையைப் பற்றிய செய்தி, மேலே பெரிய பள்ளிவாசல் படம்.

“எங்கட ஊர் என்டா இந்தப் படம்தான். வெங்காயம் என்ன, தொழவா வந்தது?”

மங்கை அக்காவின் பை

சம்பூரிலிருந்து மங்கை அக்கா வந்தார். மாதர் சங்கத் தலைவி. கையிலிருந்த பை நிறையப் பேப்பர் வெட்டுகள். எல்லாவற்றிலும் ஒரே படம்: இடம்பெயர்ந்திருந்த காலத்தில், தரப்பாள் கூரை போட்ட கொட்டிலின் முன்னே, வெறுங்குடத்தோடு அழுகிற அவர். யாரோ எடுத்த அந்தப் படத்தை ஒரு பத்திரிகை இன்றுவரை விடவில்லை.

இப்போது அவருக்கு வீடு இருக்கிறது, மாடு இருக்கிறது. மழைக்கு அறுந்துபோகும் பால் லொறிப் பாதையைத் திருத்தித் தரச்சொல்லி மனுவோடு ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி, பேப்பரில் கண்ட முகம் என்று தெரிந்ததும், மனுவை வாங்காமலே நிவாரண வரிசையைக் கைகாட்டினாராம்.

“வெள்ளத்துக்கும் நான், வறட்சிக்கும் நான், டெங்குக்கும் நான். சட்டையாவது மாத்த விடுங்கோ எண்டு சொல்லுங்கோ தங்கச்சி.”

பக்க ஆசிரியரின் கஷ்டம்

அந்தப் பத்திரிகையின் பக்க ஆசிரியரைப் பிடித்தேன். நல்ல மனுசன்தான். படத்தை நிறுத்தினால் அந்த இடத்துக்கு என்ன போடுவது என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

“அந்த முகத்தில நல்ல சோகம் இருக்கு மிஸ். வேற சோகம் இருந்தா அனுப்புங்கோ.”

எங்கள் அட்டை

விடாமல் மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது, ஒரு வரியும் இல்லாமல், ஒரு படம் மட்டும். எங்கள் போன வருட அறிக்கையின் அட்டை. அதில் குடத்தோடு மங்கை அக்கா. அட்டையைத் தெரிவு செய்தவள் நான்தான். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், ‘பொருத்தமாக இருக்கிறது’ என்று போட்டிருக்கிறேன்.

அவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. ரிஸானாவையும் கூட்டிக்கொண்டு சம்பூருக்குப் போய் அவரிடமே சொன்னேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்:

“அவங்கள் என்னைத் தெரியாத ஆக்கள். நீங்கள் எனக்காகக் கதைக்கிற ஆக்கள் எல்லே.”

புதுப் படம்

அட்டையை மாற்றினோம். நாலாவது கடிதத்தில் எங்கள் பிழையை முதலில் எழுதி, பிறகு பத்திரிகையின் பிழையை எழுதினோம். கடிதம் வேலை செய்தது. பழைய படத்தை எடுத்துவிடுவதாகவும், பாதைப் பிரச்சினையை அவருடைய வாயாலேயே கேட்டு எழுதுவதாகவும் சொல்லி, நிருபரையும் படப்பிடிப்பாளரையும் அனுப்பினார்கள்.

அக்கா நல்ல சேலை கட்டி, சங்கக் கட்டடத்தில் மனுவை மேசையில் விரித்துவைத்து, சிரித்தபடி இருந்தார். படப்பிடிப்பாளர் இரண்டு தரம் கமராவை இறக்கினார். பாதைப் பிரச்சினை அல்லவா, கொஞ்சம் கவலையாக இருக்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அக்கா சிரிப்பை மாற்றவில்லை.

“அண்டைக்குக் கேக்காமல் எடுத்தனீங்கள். இண்டைக்குக் கேட்டனீங்கள், அதாலை சொல்லுறன் தம்பி: ஏலாது.”

சிரிப்போடுதான் படம் வந்தது, பாதைக்குக் கல்லும் வந்து இறங்கியது, ஆனால் பக்கத்துப் பத்தியில் மாம்பழச் செய்திக்கு ஒரு கோயில் கோபுரம் நின்றபடியால் நாங்கள் இன்னும் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறோம்.