நான் போட்ட கட்டு

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, கண்புரை அறுத்தவர்களைப் பாய்களில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தோம். நான் கண் உதவியாளர் பயிற்சியில் இருந்தேன். முகாம் முடிவில் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு சர்டிபிகேட். வீட்டில் அப்பா படுத்த படுக்கை. அந்தக் காகிதத்தைத்தான் எல்லோரும் நம்பியிருந்தோம்.

பனவடலிசத்திரம் பக்கம் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர். முள் குத்தி ஒரு கண் முன்பே போயிருந்தது. மிச்சமிருந்த கண்ணில்தான் அறுவை. நன்றாகவே முடிந்தது. மறுநாள் அவர் மருமகள் அம்மன் கோயில் புற்றுமண்ணை இலையில் மடித்துக் கொண்டு வந்தாள்.

"நர்சம்மா, மாமாவுக்கு நெத்தியில கொஞ்சம் பூசட்டா?"

கூடாது என்றுதான் படித்திருந்தேன். ஆனால் நான் சர்ச்சுக்குப் போகிறவள்; அம்மன் மண்ணை ஒரு வேதக்காரி தடுத்தாள் என்று பேச்சு கிளம்பினால் முகாமே கலைந்துவிடும் என்று பயம்.

"பூசு. நெத்தியில மட்டும்" என்றேன்.

நெற்றியைக் கட்டு மூடியிருந்தது எனக்குத் தெரியும். அது நான் போட்ட கட்டு.

மூன்றாம் நாள் டாக்டர் அதைப் பிரித்தார். இமையெல்லாம் சீழ், அதில் செம்மண். "கண்ணு போச்சு" என்றவர், "யாரு மண்ணு போடச் சொன்னது?" என்று கத்தினார்.

நான் பஞ்சுத் தட்டோடு நின்றேன். மருமகள் என்னைப் பார்த்தாள். அதற்குள் அவள் புருஷன் ஆட்டுக் கம்பை ஓங்கிவிட்டான்.

"எங்கப்பன் கண்ண அவிச்சிட்டியேட்டி!"

அவள் முதுகில், தோளில், குனிந்த தலையில் அடித்தான். முடியைப் பிடித்துச் சுவரோடு மோதினான். கண்கட்டோடு கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, "யார அடிக்கான்? யார அடிக்கான்?" என்று அலறினார்கள். மாமனார் பாயில் தடவித் தடவி, "விடுலே, செத்திருவாலே" என்று அழுதார். நான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கம்பு என் பக்கம் திரும்பியிருக்கும், சர்டிபிகேட்டும் போயிருக்கும். வாயைத் திறக்கவில்லை. என்னைப்போல் ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

நாலு பேர் அவனை இழுத்துப் பிடிப்பதற்குள் கம்பு நுனி அவள் கண்ணில் இறங்கிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "கட்டும்மா" என்றார்.

ரத்தத்தைத் துடைத்துப் பஞ்சு வைத்தேன். துணியைச் சுற்றும்போது அவள் மெல்லச் சொன்னாள்: "நெத்தியிலதான் நர்சம்மா பூசுனேன். கட்டு மறைச்சுச்சு, கொஞ்சம் தூக்கிக்கிட்டேன்."

யார் சொல்லிப் பூசினாள் என்று அப்போதும் அவள் சொல்லவில்லை.

டாக்டர் வந்து விரலால் கட்டை இழுத்துப் பார்த்தார். "இறுக்கமும் இல்ல, நெகிழ்வும் இல்ல. நல்லா கத்துக்கிட்ட" என்றார். அன்று மாலையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தில்தான் இத்தனை வருஷம் சோறு தின்றேன். எத்தனையோ பெண்களுக்குக் கட்டுப் போடப் பழக்கிவிட்டேன். முதலில் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்பார்கள். ஒரு பெரியவருக்கு என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.