பிழையக்கா வாங்கிய பூஜ்யம்

பதினான்கு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள், முப்பத்தொன்பது வயதில் மொழியியல் படிக்க வேண்டுமென்று வேலையை உதறிவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லோரும் அவளைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர்கள். பழைய வேலையைச் சொல்லி ‘பிழையக்கா’ என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டுக்கொள்ளட்டும், எனக்கென்ன என்று இருந்துவிட்டாள்.

மொழியியலுக்கும் தத்துவத்துக்கும் பொதுவாக ஒரு கருத்தரங்க வகுப்பு உண்டு: லாம்டா கணக்கு. பேரைக் கேட்டு மிரள ஒன்றுமில்லை. வாக்கியத்தில் காலி இடம் விட்டு, அதற்கு ஓர் எழுத்தை அடையாளமாக வைத்து, பிறகு ஆளைக் கொண்டுவந்து அங்கே உட்காரவைப்பது, அவ்வளவுதான். ஆனால் இதில் தேறினால்தான் ஆய்வேடு எழுத அனுமதி. அவள் வேலையை விட்டதே அந்த ஆய்வேட்டுக்காக.

தேர்வில் ‘ஒருவர் இன்னொருவரைத் திட்டுகிறார்’ என்று ஒரு கேள்வி. திட்டுபவர் இடத்துக்கு எக்ஸ், திட்டு வாங்குபவர் இடத்துக்கு ஒய். இப்போது ஒய் என்றே பேருள்ள ஒரு வெளியாளைத் திட்டுபவர் இடத்தில் உட்காரவைக்க வேண்டும். இரண்டு ஒய்யும் வேறு வேறு ஆள். அதனால் உள்ளே இருப்பவருக்கு முதலில் இசட் என்று பேரை மாற்றிவிட்டுத்தான் வெளியாளை உள்ளே விட வேண்டும். பிழையக்கா அப்படித்தான் செய்தாள். பேராசிரியர் கொடுத்த குறிப்பிலோ பேர் மாறவே இல்லை. மற்ற பத்துப் பேரும் குறிப்பை அப்படியே ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கினார்கள். இவளுக்கு முட்டை. அந்தக் கேள்விக்கான பத்து மதிப்பெண் போனதில் தேர்ச்சியே போயிற்று.

நீங்கள் கிளறினால் எங்கள் மதிப்பெண்ணும் போய்விடும் என்று கூடப் படித்தவர்கள் கெஞ்சினார்கள். வேன் ஓட்டும் கணவனும் எதற்கு ஊர் வம்பு என்றான். அவள் கேட்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். துறைத் தலைவியும் அங்கே இருந்தார். பேராசிரியர் நிமிராமலே, குறிப்பைப் படிக்காமல் பரீட்சைக்கு வந்தால் இப்படித்தான் என்று எகிறினார்.

“உங்க விடையைச் சாதாரணப் பேச்சுல ஒரு தடவை படிங்க சார்,” என்றாள்.

“ஒய், ஒய்யைத் திட்டுறாரு.”

“அப்ப தன்னைத்தானே திட்டிக்கிறாரு. கேள்வி அதுவா? இப்ப நீங்க என்னைத் திட்டுறீங்க. உங்க கணக்குப்படி பாத்தா உங்களையேதான் திட்டிக்கிறீங்க.”

தலைவி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். பேராசிரியருக்குப் புரிந்துவிட்டது, முகமே சொல்லிற்று. ஆனால் எத்தனையோ வருஷமாகக் கொடுத்துவந்த குறிப்பு, அதைத் தப்பென்று சொல்ல வாய் வருமா? தலைவிதான் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். கருணை மதிப்பெண் பத்து. கையெழுத்துப் போட்டால் நாளைக்கே ஆய்வேட்டைத் தொடங்கலாம்.

பொய் சொல்வானேன், அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பேனாவைக்கூடத் திறந்துவிட்டாள்.

“கருணை எதுக்கு மேடம்? தப்புப் பண்ணவங்களுக்குத்தானே அது? என் விடை சரின்னு எழுதிக் குடுங்க, போடுறேன்.”

அவர்கள் எழுதித் தரவில்லை, அவளும் போடவில்லை. அவளுக்கு ஒரு வருஷம் வீணாயிற்று. அவள் அச்சகத்தில் அரைநாள் வேலைக்குப் போனாள். மீதி அரைநாள் பல்கலைக்கழக கேண்டீனில். புதிதாகச் சேர்ந்தவர்கள் யார் கையில் அந்தக் குறிப்பைக் கண்டாலும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். இந்த அக்காவிடம் மாட்டினால் டீ ஆறிவிடும் என்று அலுத்துக்கொண்டே எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த தேர்விலும் அதே கேள்வி வந்தது. பிடிவாதத்தில் பேராசிரியரும் சளைத்தவரில்லை. அவள் அதே விடையை எழுதினாள். தாள்களைப் பிரித்தால் அவளோடு சேர்த்துப் பதினான்கு பேரும் இசட் போட்டிருந்தார்கள். ஒருத்திக்குப் போட்ட பூஜ்யத்தைப் பதினான்கு பேருக்கும் போட அவருக்குக் கை வரவில்லை. எல்லோருக்கும் பத்து.

முடிவு வெளியான மறுநாள் காலையிலேயே பிழையக்கா அவர் அறை வாசலில் போய் நின்றாள். கையில் போன வருஷத்துத் தாள்.

“இதையும் திருத்திக் குடுங்க சார்.”