கப்பலேற்றிய இடம் எது?

பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஒயிட் டவுன் தெருக்களில் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு நடப்பது என் பிழைப்பு. பிரெஞ்சு தெரிந்ததால் கிடைத்த வேலை. மஞ்சள் சுவரில் படர்ந்த காகிதப்பூவின் முன்னால் எங்கே நிறுத்தினால் படம் நன்றாக விழும், என்ன சொன்னால் சிரிப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

போன ஜனவரியில், பிரெஞ்சு ஆட்சியிலுள்ள ரீயூனியன் தீவிலிருந்து ஓர் அம்மாள் தனியாக வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். பார்ப்பதற்கு எங்கள் தெருப் பெரியம்மா மாதிரியே இருந்தார். ஆனால் ஒரு தமிழ் வார்த்தை தெரியாது. வழக்கம்போல் துணி, சாயம், வியாபாரம் என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கள் குடும்பத்தின் முதல் ஆளை இங்கிருந்துதான் விற்று அனுப்பினார்கள். சின்னப் பெண். பஞ்ச காலமாம். அவளைக் கப்பலேற்றிய இடத்தைக் காட்டுங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னார்.

எனக்குத் தெரியவில்லை. இங்கிருந்து ஆட்களை அடிமைகளாக ஏற்றினார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

ஹோட்டலாகிவிட்ட ஒரு பழைய மாளிகைக்குள் நுழைந்து மேனேஜரிடம் கேட்டேன்.

"பிரெஞ்சு வியாபாரி கட்டுனதும்மா."

"ஆளுங்கள விக்கிற வியாபாரமா சார்?"

"மெதுவா பேசும்மா. கெஸ்ட்டுங்க சாப்புட்டுனு இருக்காங்க."

இன்னும் இரண்டு இடங்களில் கேட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடற்கரைக்கே கூட்டிப் போனேன். அங்கே கல்யாண ஜோடி ஒன்றைப் பாறைமேல் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், ஃபிரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றார் போட்டோகிராபர்.

மொழி புரியாமலே அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டபடி நகர்ந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னும் எவ்ளோ தூரம்தான் தள்ளிப் போவாங்க? கடலத் தாண்டியே போயாச்சு!"

"இப்ப என்னக்கா சொல்லிட்டேன்?" என்றார் அவர். அவர்மேல் என்ன தப்பு?

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் நனைய நின்றார். கப்பலேற்றிய அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தீவில் ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்துவிட்டார்களாம். இங்கே அவளை என்னவென்று கூப்பிட்டிருப்பார்கள் என்று கேட்டார். அந்தக் காலத்தில் இருந்திருக்கக்கூடிய நாலைந்து பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஒன்றுகூட அவர் வாயில் சரியாக வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து எல்லாக் குழுவிடமும் இங்கிருந்து ஆட்களை விற்று அனுப்பியதையும் சொன்னேன். வேலை கொடுப்பவர் போனில் கூப்பிட்டார்.

"லீவுக்கு வர்றவங்கள எதுக்கும்மா அழ வெக்கிற?"

"நடந்தததானண்ணா சொன்னேன்."

"எங்கனா போர்டு வெச்சிருக்காங்களா? இல்லல்ல? அப்ப விட்டுடு."

நான் விடவில்லை. பிரெஞ்சுக் குழுக்களை இப்போது வேறொருவர் கூட்டிப் போகிறார். எனக்குச் சனி, ஞாயிறில் வரும் கல்லூரிப் பிள்ளைகள்தான். நான் பேசும்போது பாதிப் பேர் போனைப் பார்க்கிறார்கள். போன வாரம் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, "வெள்ளக்காரங்கதான விப்பாங்க, நம்ம ஆளுங்களுமா வித்தாங்க?" என்று கேட்டாள்.

"நம்ம ஆளுங்களும்தான். புடிச்சிக் குடுத்ததே இங்க இருந்த தரகருங்க."

அவள் முகம் சுருங்கியது. அதைச் சொல்லி முடித்தபோது எனக்கும் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.