வரையறைக்கு ஐந்துக்கு நான்கு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பொருளாதாரக் கருத்துகளைப் பரப்பப்போவதாக ஓர் அறக்கட்டளை கிளம்பியபோது, அந்தத் திட்டம் சரியாக வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று மதிப்பிட்டுச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் திருவள்ளூர்க்காரன். அஞ்சல் வழியில் பொருளாதாரம் முதுகலை படித்தவன், சிறுபத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். முதலாவதை நம்பி யாரும் வேலை கொடுத்ததில்லை. இரண்டாவதைப் படித்து யாரும் சிரித்ததில்லை. இரண்டும் சேர்ந்தால் ஆலோசகர் ஆகலாம் என்பது ஐம்பது வயதில்தான் தெரிந்தது.

ஒப்பந்த வேலை செய்யும் பெண்களில் சிலரைப் 'பரப்புநர்' என்று தேர்ந்தெடுப்பார்கள். மாதம் ஒரு வகுப்பு, கையில் ஒரு பாடப் புத்தகம். அதில் உள்ளதை அவர்கள் கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆவணத்தின் இரண்டாம் பக்கத்தில் வரையறை இருந்தது. "பொருளாதாரக் கருத்து என்பது மக்களின் அன்றாட வாழ்வுக்குப் பயன்படும், பொருளாதாரம் சார்ந்த கருத்தாகும். கேட்ட ஒருவர் அதைத் தம் வாழ்வில் பயன்படுத்தினால் அது பரவியதாகக் கொள்ளப்படும்."

முதல் வாக்கியத்தை இரண்டு தடவை படித்தேன். தண்ணீர் என்பது தண்ணீர் சார்ந்த திரவம் என்கிற மாதிரி இருந்தது. எது உள்ளே, எது வெளியே என்று ஒரு சொல்கூட இல்லை. விலைவாசி பொருளாதாரக் கருத்தா? சீட்டு? கூலி? வரதட்சணை? வேண்டியதை உள்ளே விடலாம், வேண்டாததை வெளியே தள்ளலாம். மதிப்பீட்டுப் படிவத்தின் முதல் கேள்வி, 'கருத்து தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறதா?' நியாயமாகப் பார்த்தால் ஐந்துக்கு ஒன்று.

நான் நான்கு போட்டேன்.

இந்த மாதிரிப் படிவங்களை நிரப்புகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மூன்றுக்குக் கீழே போட்டால் 'குறிப்பு' என்ற கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். எழுதினால் விளக்கம் கேட்டு அறக்கட்டளையின் சென்னை அலுவலகத்திலிருந்து போன் வரும். மூன்று போட்டால் மனசில் எதையோ வைத்துக்கொண்டு போட்டிருக்கிறான் என்பார்கள். ஐந்து போட்டால் படிக்காமலே போட்டான் என்பார்கள். நான்குக்கு மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அன்று பதினோரு கேள்விகள். பதினொன்றுக்கும் நான்கு போட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன்.

பரப்புநர்களில் ஒருவர் ஆரம்பாக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்து, அங்கிருந்து கம்பெனி பஸ் பிடிப்பார். மின்விசிறி பேக்கிங்கில் ஆறு வருடமாக ஒரே காண்டிராக்டரிடம் வேலை. வகுப்பில் கேள்வி கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாம் பாடம் நடந்த அன்று, வகுப்பைப் பார்வையிட நானும் போயிருந்தேன். பாடம் இதுதான்: ஒரு பொருளுக்குத் தேவை கூடி வரத்து குறைந்தால் விலை ஏறும். உதாரணம் தக்காளி.

"சார், தக்காளிக்கு மட்டுந்தானா இது?" என்றார் அந்த அம்மா.

"எல்லாத்துக்கும்தாம்மா" என்றேன். ஆலோசகர் அல்லவா.

"ஆளுக்கும்?"

"ஆளுக்கும்தான்."

வகுப்பே சிரித்தது. நான் சொன்ன ஒன்றுக்கு யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை என்பதால் நன்றாக நினைவிருக்கிறது.

கோடைக்கு முன்னால் மின்விசிறிக்கு ஆர்டர் குவியும். அந்த நேரம் பார்த்து வடநாட்டுத் தொழிலாளர்கள் ஹோலிக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, கம்பெனி பஸ்ஸில், அவர் மூன்றாம் பாடத்தை நடத்தியிருக்கிறார், தக்காளி இருந்த இடத்தில் ஆளை வைத்து. மறுநாள் அவரோடு சேர்த்து ஒன்பது பெண்கள் காண்டிராக்டரிடம் போய் நாளுக்கு இருபது ரூபாய் கூட்டிக் கேட்டார்கள். அதற்கு மறுநாள், கம்பெனி வாசலில் இருந்த வருகைப்பதிவு இயந்திரம் அவருடைய கார்டை மட்டும் ஏற்கவில்லை.

அடுத்த வகுப்பு நாளில், ஸ்டேஷன் பக்கத்து மண்டபத்தில், மற்றவர்கள் வரும் முன்பே வந்து எனக்காகக் காத்திருந்தார்.

"இன்னா சார் இது, பேஜாரா பூட்ச்சி. கார்ட வெச்சா செவப்பு லைட்டு எரியுது. வாட்ச்மேனு, 'உன் பொஸ்தகத்தப் படிச்சிக்கினு ஊட்லயே இரும்மா'ன்றாரு. காண்டிராக்டரு, 'யாரு உனுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது, சங்கமா?'ன்னு கேக்கறாரு. சங்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, கிளாஸ்ல சொன்னதுன்னேன். நம்பல. 'அப்ப அவங்க கைல லெட்டர் வாங்கினு வா, சேத்துக்கறேன்'னுட்டாரு. ஒரு லெட்டர் குடுங்க சார். நான் சொன்னது உங்க பாடந்தான்னு."

"மத்த எட்டுப் பேரு?"

"அவங்களுக்குப் பன்னெண்டு ரூவா ஏத்திட்டாரு" என்று சிரித்தார். "பரவிச்சா இல்லியா, நீங்களே சொல்லுங்க."

பரவியிருந்தது. கேட்டவர்கள் தம் வாழ்வில் பயன்படுத்தியிருந்தார்கள். சொல்லப்போனால், அந்தத் திட்டத்தில் ஆவணத்தின்படி பரவிய கருத்து அது ஒன்றுதான். முதல் பாடம் சேமிப்பு. அதை யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை, சேமிக்கக் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும்.

அங்கிருந்தே சென்னைக்குப் போன் போட்டேன். திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சார், கூலியெல்லாம் நம்ம ஸ்கோப்லயே வராது. பொருளாதாரக் கருத்துன்னா சேமிப்பு, பட்ஜெட், சிறுதொழில், அவ்வளவுதான்."

"அப்படி எங்கயும் எழுதலியே மேடம். வரையறை குழப்பமா இருக்கு. குழப்பம் நம்மளுது. அந்தம்மாவுக்குச் சாதகமா எடுத்துக்கிட்டு ஒரு லெட்டர் குடுத்துடலாமே."

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"வரையறை தெளிவா இருக்குன்னு நீங்கதானே சார் நாலு போட்டிருக்கீங்க?"

"ஆமா. அத இப்ப ஒண்ணுன்னு மாத்திக்கலாமா?"

"ரிப்போர்ட் மேல போயிடுச்சு சார். தெளிவா இருக்கறத அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. அதுக்கு நாங்க எப்படி லெட்டர் குடுக்க முடியும்?"

போனை வைத்துவிட்டு அந்த அம்மாவிடம் நான்கு போட்ட கதையைச் சொன்னேன். மறைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. "நாலுன்னா நல்ல மார்க்கா சார்?" என்று கேட்டார். நல்ல மார்க்தான் என்றேன்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நானே எழுதிக் கொடுத்தேன். இவர் சொன்னது வகுப்புப் பாடம்தான், 'ஆளுக்கும்தான்' என்று சொன்னவன் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "'சீல் எங்க?'ன்னு கேட்டாரு சார்."

திருவள்ளூரில் ரப்பர் ஸ்டாம்பு செய்கிற கடைக்குப் போனேன். "இன்னா பேரு சார், கம்பெனிக்கு?" என்றார் கடைக்காரர். கொடுக்க ஒரு பேரும் இல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த அம்மா இப்போது ஆரம்பாக்கத்திலிருந்து எதிர்த் திசை ரயிலில், ஆந்திரா பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறார். புதிய ஆள் என்பதால் ஆறு வருடத்துக்கு முந்தைய கூலி.

இந்த வருடம் ஆவணத்தின் புதிய பதிப்பு வந்தது. மூன்றாம் பாடமும் தக்காளியும் அப்படியே இருந்தன. வரையறையில் மட்டும் ஒரு வரி சேர்ந்திருந்தது: "கூலி, ஊதியம், வேலை நேரம் நீங்கலாக." கூடவே அதே படிவம். கருத்து தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறதா?

இப்போது உண்மையாகவே தெளிவாக இருந்தது. யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஐந்து போட்டேன். போட்டுவிட்டு, ஐந்துக்குக் குறிப்பு தேவையில்லை என்றாலும் எழுதினேன். பஸ், ஒன்பது பேர், செவப்பு லைட்டு, நான் போட்ட நான்கு எல்லாவற்றையும். கட்டம் போதாமல் பின்பக்கம் வரை போயிற்று.

நான் மூன்றுக்குக் கீழே போட்டால்தான் அவர்கள் குறிப்பைப் படிப்பார்கள் என்பது, அனுப்பிய பிறகு நினைவுக்கு வந்தது. அனுப்பும் முன்பே எனக்குத் தெரிந்தும் இருக்கலாம். சென்னையிலிருந்து போன் வரவில்லை.