ஆரஞ்சுத் தோலின் ஓசை

ஜூஸ் கடையில் வேலை பார்க்கும் என் சித்தி, தினமும் ஒரு பை நிறைய ஆரஞ்சுத் தோலோடு வீடு திரும்புவாள். கடைக்கு அது குப்பை. சித்தி அதைக் கழுவி, உள்பக்க வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி, ஜன்னலோரம் பழைய படுக்கை விரிப்பில் பரப்புவாள். பிற்பகல் வெயில் நுழைந்ததும் சுவர், கட்டில், நிலைக்கண்ணாடி எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும். காய்ந்ததை அரைத்துச் சலித்து, முகப்பொடியாக டப்பாக்களில் அடைப்பாள்.

போன வருடம் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதன்பின் சித்தப்பாதான் அவளுக்கு மூக்கு.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“உங்க செருப்பை நீட்டினாலும் இதையேதான் சொல்வீங்க.”

அந்த ‘நல்லா இருக்கு’வை நம்பிக் கொடுத்த பொடி, அதை வாங்கும் பியூட்டி பார்லர் அக்காவின் அலமாரியில் இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடித்தது. சித்தியின் மனசு நோகுமே என்று, ஈரவாடை வந்ததைச் சித்தப்பா சொல்லாமல் விழுங்கியிருந்தார்.

“சனிக்கிழமை இருபது டப்பா கொண்டு வா. இதுவும் கெட்டுப்போனா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்” என்றாள் பார்லர் அக்கா.

அன்றிலிருந்து சித்தி காதை நம்பத் தொடங்கினாள். தோல் ஒவ்வொன்றையும் எவர்சில்வர் தட்டில் போட்டுப் பார்ப்பாள். ஈரமிருந்தால் ‘தொப்’. முறுகக் காய்ந்திருந்தால், உடைந்த வளையல் துண்டு விழுவதுபோல் ‘கிணுங்’. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தால், வேறெங்கோ பெய்யும் மழையைக் கேட்டுக்கொண்டிருப்பவள் போலத் தோன்றும்.

நிஜ மழை வியாழக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலையில், கிணுங்கிய தோல் ஏழு டப்பாவுக்குத்தான் தேறியது.

“மீதியையும் அரைச்சுக் குடுத்துடேன். யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் சித்தப்பா.

“எனக்கு மூக்கு போச்சுன்னா ஊருக்கே போயிடுச்சா?”

ஏழு டப்பாவோடு மூவரும் போனோம். பார்லரில் நாலு பக்கமும் கண்ணாடி. எல்லாவற்றிலும் சித்தி, பையை மார்போடு அணைத்தபடி.

“ஏழுதான் இருக்குக்கா. மத்தது காயல. அப்புறம்... எனக்கு வாசனை தெரியாது. முதல்லயே சொல்லியிருக்கணும்.”

பார்லர் அக்கா ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். சித்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. இமைகள் மெல்ல மூடின. எல்லாக் கண்ணாடிகளிலும் மூடின.

“மிச்சம் பதிமூணு எப்போ?”

“வெயில் வந்ததும்.”

திரும்பி நடக்கையில் சித்தி கேட்டாள்: “அவங்க கண்ணை மூடினாங்களே, அது என்ன வாசனை?”

“நல்லா...” என்று ஆரம்பித்த சித்தப்பா நிறுத்திக்கொண்டார். தெருமுனை வரை யோசித்தார்.

“வெயில்ல காயவெச்ச தலையணையில முகத்தைப் புதைச்சா இருக்குமே, அது.”

சித்தி நடையை மெதுவாக்கிக்கொண்டாள்.