ஒரு அட்டைக்கு இரண்டு பேர்

எண்பதுகளின் தொடக்கத்தில் தாலுகா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது விதவை உதவித்தொகை மணியார்டரில் வரும். அரிசி ரேஷன் கடையில். பொங்கல் சேலை இன்னோர் இடத்தில். மூன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. இனிப் போட்டோ ஒட்டிய ஒரே அட்டை போதும் என்று உத்தரவு வந்ததும், சமயநல்லூரில் முகாம் போட்டோம்.

வரிசையில் வந்த ஓர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். களையெடுத்த சேறு காலில் காய்ந்திருந்தது. மணியார்டரில் ஒரு பேர், ரேஷன் கார்டில் வேறு பேர்.

“ரெண்டும் நாந்தேம்மா,” என்றார்.

பிறந்த ஊர் அழகர்கோவில் பக்கம். அங்கே அவருக்கு வைத்த பேர்தான் மாமியாருக்கும். மாமியார் பேரைச் சொல்லி மருமகளை எப்படி ஏவுவது? கல்யாணமானதுமே வேறு பேர் வைத்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் ஏறியது அதுதான். கணவர் இறந்தபின் உதவித்தொகைக்கு மனு எழுதிய அண்ணனோ, தங்கையின் பழைய பேரை எழுதிவிட்டார். அந்த அண்ணனும் இப்போது இல்லை.

துணை தாசில்தார் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரே ஆள் இரண்டு பேரில் வாங்கக் கூடாது என்றுதானே இந்த அட்டையே வந்தது?

“ரெண்டு பேரும் ஒங்களோடதுன்னு சொல்ல ஆள் இருக்காம்மா?” என்று கேட்டார்.

வரிசையில் பின்னால் நின்றவள் சொன்னாள்: “நாத்துனா இருக்காக. மூணு வீடு தள்ளித்தேன். பேச்சுவார்த்த கெடையாது.”

இந்த அம்மாவின் கணவரான தன் அண்ணனைக் காலாகாலத்தில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் சாகவிட்டாள் என்று நாத்தனார் சாவு வீட்டிலேயே சொல்லிவிட்டாராம். அதன்பிறகு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தாலும் இருவரும் முகம் பார்ப்பதில்லை.

“அவ வாசல்ல போயி நிக்கிறதுக்கு, அட்டையே வேணாம்,” என்று அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நாத்தனாரைத் தேடிப் போனேன். ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அண்ணன் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

“மதினி, எந்திரிச்சு வாங்க. கேம்ப மூடிருவாக.”

பிறகு கதவு திறந்தது.

முகாமில் நாத்தனார் தெளிவாகச் சொன்னார்: “எங்காத்தா பேரும் இவுக பேரும் ஒண்ணு சார். நாங்கதேன் மாத்திக் கூப்புட்டோம்.” கைநாட்டும் வைத்தார்.

“அட்டைல எந்தப் பேரப் போட?” என்று துணை தாசில்தார் கேட்டார்.

அந்த அம்மா திரும்பி நாத்தனாரைப் பார்த்தார். “எதப் போடச் சொல்ல?”

“ஆத்தாதேன் போயிச் சேந்துருச்சுல்ல. ஒங்க பேர நீங்களே வச்சுக்கங்க மதினி.”

போட்டோ எடுக்க உட்காரவைத்தபோது அந்த அம்மாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. நாத்தனார்தான் தன் முந்தானையால் அவர் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டார். சாவு வீட்டில் சொன்ன சொல்லுக்கு அவர் என்றைக்காவது வருத்தம் தெரிவித்தாரா, எனக்குத் தெரியாது.

பொங்கலுக்குச் சேலை கொடுத்தபோது இருவரும் சேர்ந்தே வந்திருந்தார்கள். அட்டையைப் பார்த்துப் பிறந்த வீட்டுப் பேரைக் கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அந்த அம்மா அப்படியே நின்றார். நாத்தனார் முழங்கையால் இடித்தார்.

“ஒங்களத்தேன் மதினி. போங்க.”