ஈர உப்பும் நிக்கல் அக்காவும்

நிக்கல் அக்கா வேலை பார்ப்பதோ முலாம் பூசும் பட்டறையில். பள்ளி இறுதித் தேர்வில் அவளைக் கவிழ்த்ததோ வேதியியல். இதைவிட வயிற்றெரிச்சல் வேறென்ன வேண்டும்?

குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி எதுவானாலும் செம்புக் கம்பியில் கோத்து, நிக்கல் உப்பு கரைத்த பச்சைத் தொட்டியில் அவள் இறக்கி எடுத்தால் அதில் முகம் பார்க்கலாம். வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் தொட்டிப் பொறுப்பாளர் ஆக வேண்டுமானால் பள்ளி இறுதித் தேர்ச்சி வேண்டும் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். மற்றப் பாடங்களை ஊதித் தள்ளியவள், வேதியியலில் மட்டும் கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் போனால் வெளியாளைப் போட்டுவிடப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

கோட்டை விட்ட காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கெட்டியான சோடியம் குளோரைடு மின்சாரத்தைக் கடத்துமா என்று கேட்டிருந்தார்கள். பேஷாகக் கடத்தும் என்று எழுதி, கூடவே பட்டறைக் கதையையும் பக்கம் பக்கமாக அளந்துவிட்டிருந்தாள். மற்றக் கேள்விகளுக்கு நேரமே மிஞ்சவில்லை. உப்புத் தொட்டிக்குள் நாள் முழுக்க மின்சாரம் ஓடுவது அவள் கண்ணால் காணாததா? தண்ணீரில்லாத உப்பை அவள் பார்த்தது சமையலறையில் மட்டும்தான். அங்கே யார் கம்பி வைத்துப் பார்க்கிறார்கள்?

அவள் கண்ணைத் திறந்தது நாத்தனார். தையல் வேலை அவளுக்கு, வாயும் கத்தரிக்கோல்தான்.

"ஏன் அண்ணி, உப்பு ஜாடிக்குள்ள கை விட்டா உங்களுக்கு ஷாக்கா அடிக்குது?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. விடுவிடுவென்று பேட்டரி, கம்பி, பழைய பொம்மையிலிருந்து பிடுங்கிய குட்டி விளக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து கல் உப்பில் வைத்தாள். விளக்கு எரியவில்லை. அதே உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கம்பியை விட்டாள். எரிந்தது.

"அட மக்கு!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் புத்தகம் அவளோடு பேச ஆரம்பித்தது. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. நேர் அயனியும் எதிர் அயனியும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து வரிசை கட்டி நிற்கின்றன. கரைந்தாலோ உருகினாலோதான் அவை இடம்விட்டு நகரும். உலோகத்தின் கதை வேறு. அங்கே அணுக்கள் தங்கள் வெளி எலக்ட்ரான்களைக் கூட்டுக்குடும்பத்துச் சொத்து மாதிரி பொதுவில் விட்டுவிடுகின்றன. அவை இஷ்டத்துக்குத் திரிவதால் மின்சாரமும் தாராளமாகப் போகும்.

எழுத்துத் தேர்வு நன்றாகவே போயிற்று. செய்முறைத் தேர்வு அன்று பார்த்து மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. சாம்பல் நிறத்தில் இரண்டு கட்டிகள் கொடுத்து, எது உலோகப் பிணைப்பு, எது அயனிப் பிணைப்பு என்று சோதித்து எழுதச் சொன்னார்கள். இதில் தவறினால் எல்லாம் போச்சு.

முதல் கட்டியில் கம்பி வைத்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. இரண்டாவதில் வைத்தாள். மங்கலாக அதுவும் எரிந்தது!

பக்கத்து மேசைகளிலும் அதே கூத்து. சிலர் இரண்டுமே உலோகம் என்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவளும் பேனாவை எடுத்தாள். எடுத்த விரல் பிசுபிசுத்தது.

"மேடம், இந்தக் கட்டி ஈரமா இருக்கு. அடுப்புல வாட்டிட்டுப் பார்க்கட்டுமா?"

தேர்வாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். "பாருங்க. ஆனா உங்களுக்காக நேரம் கூட்டித் தர மாட்டேன்."

"வேண்டாம் மேடம்."

பீங்கான் கிண்ணத்தில் கட்டியைப் போட்டு வாட்டினாள். நேரமோ ஓடியது, இந்தப் பாழாய்ப்போன உப்போ நிதானமாகக் காய்ந்தது. ஆறியும் ஆறாததுமாகக் கம்பியை வைத்தாள். விளக்கு எரியவில்லை. அவள் முகம் எரிந்தது, அத்தனை பிரகாசம்! சுத்தியலை எடுத்து இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு போடு போட்டாள். உலோகம் சப்பையானது. உப்பு சில்லுச் சில்லாக உடைந்தது. வரிசை நகர்ந்ததும் ஒரே மின்சுமை கொண்ட அயனிகள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன என்று எழுதினாள். ஈரத்தில் எரிந்ததையும் மறைக்காமல் எழுதினாள். மணி அடித்தது.

முடிவு வந்த அன்று நாத்தனார் தெருவே கேட்கக் கத்தினாள். "எங்க அண்ணி பாஸாயிட்டாங்க!" அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். வாழ்க்கையில் அவள் அத்தனை சந்தோஷப்பட்டதில்லை.

பொறுப்பேற்ற முதல் நாள் காலை, தொட்டியை எட்டிப் பார்த்தவள் சுவிட்சை அணைத்தாள். பட்டறை அமைதியானது. முதலாளி அறையிலிருந்து ஓடிவந்தார்.

"என்னம்மா, அவசர ஆர்டர் நிக்குதே?"

"தண்ணி கலங்கியிருக்கு. வடிகட்டிட்டுத்தான் வேலை. அதுவரைக்கும் நிக்கட்டும்."

முதலாளி தொட்டியை எட்டிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, நீங்க சொன்னா சரி" என்று திரும்பிப் போனார்.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுற்றி நின்ற பட்டறை ஆட்களிடம், "என்ன வேடிக்கை? வாளியை எடுங்க!" என்றாள்.